இரண்டாம் காட்சி, வறட்சி

கொட்டகலை கூட்டுறவு மண்டபம்.
திரைக்கு இடப்பக்கம், உடைந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் நான்.
மடியில் நாடகப் பிரதி,
வாயில் கவ்விய டோர்ச்.
பகலில் பாமசியில் மருந்துச் சீட்டு வாசிக்கிறவள்.
புஷ்பநாதனின் கையெழுத்து
வேறு யாருக்கும் பிடிபடாததால்
போன வருஷம் என்னை இங்கே உட்கார்த்திவிட்டார்கள்.

எட்டு மாதமாய்த் துளி மழையில்லை, கதைப்படி.
ஜெசிந்தா வெறுங்குடத்தோடு நிற்கிறாள்.
குடம் மேட்டு லயத்தில் இரவல்,
விடிய ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேணும்.

அப்போதுதான் தகரத்தில் தொடங்கியது.
முதலில் நாலைந்து கூழாங்கல்.
பிறகு லொறியோடு கொட்டினது மாதிரி.

சனம் அண்ணாந்து பார்த்தது.
பின்வரிசையில் ஒரு சிரிப்பு,
அது முன்வரிசைக்கு வர அதிக நேரம் ஆகவில்லை.
ஜெசிந்தாவின் கண் மட்டும்
மெல்ல என் பக்கம் திரும்பியது.

'வானம் பொய்த்ததடி' என்கிறது பிரதி.
சொன்னால் மண்டபமே உருளும்.
டோர்ச்சை வாயிலிருந்து எடுத்தேன்.
எழுதாத ஒன்றை
எடுத்துக் கொடுத்தேன்.

அவள் குடத்தைக் கூரைக்கு ஏந்தினாள்:
"சத்தம் நல்லாத்தான் இருக்கு சாமி,
பைப்புல எப்ப வரும்?"

கைதட்டலில் கொஞ்ச நேரம்
மழையே கேட்கவில்லை.

இடைவேளையில் புஷ்பநாதன் ஓடி வந்தார்,
ஒட்டு மீசை ஒருபக்கம் தொங்க:
"அந்த வரிய நான் எப்ப எழுதினேன்?"
"பதினேழாம் பக்கம் சேர்.
உங்க எழுத்து
உங்களுக்கே விளங்காது."

சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒழுகுகிறது.
ஸ்டூலில் ஏறி
இரவல் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
மூன்றாம் காட்சிக்கு யாராவது
பக்கம் திருப்புங்கள்.