சிட்டைப் புத்தகத்தின் பின்பக்கம்

விடிந்தால் தை பிறக்கும் மாதம்.
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
என் மோட்டர்க் கடையில் இன்று இருப்பெடுப்பு.
பெயாரிங் நாற்பத்தொன்று, கப்பாசிற்றர் பதினேழு,
செப்புக் கம்பி ஒன்பது கிலோ முன்னூறு.
சிட்டைப் புத்தகத்தைத் திருப்பினால்
பின்பக்கத்தில் என் கையெழுத்து,
கடை திறந்த கிழமை எழுதியது.
எழுத்து அப்போது நேராக நின்றிருக்கிறது.

ஒன்று: கடன் கொடுப்பதில்லை.
பதினொரு நாள் தாங்கியது இது.
பன்னிரண்டாம் நாள் புவனலோஜினி வந்தாள்,
எரிந்த மோட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு.
மிளகாய்க் கன்றுக்கு இரண்டு நாளாய்த் தண்ணீரில்லை என்றாள்.
காசு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.
வெட்டி, மேலே எழுதியிருக்கிறேன்:
கொடுத்தால் எழுதி வை. எழுதினால் கேள்.
கேட்க வெட்கமென்றால் கொடுக்காதே.
அவள் நாலு தவணையில் தந்து முடித்தாள்.
தராதவர்களும் உண்டு.
பெயர்கள் முன்பக்கத்தில்.

இரண்டு: சுற்றுகளை எண்ணு.
இதில் வெட்டுக் கொத்து இல்லை.
ஒரு சுருளுக்கு எழுபத்திரண்டு.
ஐம்பதில் யாரோ "அக்கா, வோஷர் இருக்கோ" என்றால்
கை நிற்கலாம், எண் நழுவக் கூடாது.
நழுவினால் அவிழ்.
ஐம்பத்தைந்து இருக்கும் என்று
நானாக நினைத்துத் தொடர்ந்த மோட்டர்கள்
அன்று நன்றாய்த்தான் ஓடின;
வெங்காயம் முற்றுகிற மாதத்தில் புகைந்தன.
யாருக்கும் தெரியாத சுற்று என்று ஒன்றில்லை,
ஒவ்வொன்றுக்குள்ளாலும் மின்சாரம் போய் வருகிறது.

மூன்றுக்கு அப்போது இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.
எதற்கென்று நினைவில்லை.
பிறகு அங்கே வந்து உட்கார்ந்தவர்
அச்சுவேலிக் குலவீரசிங்கம்.
இரண்டு குதிரைவலுப் பம் கேட்டார்.
எங்கள் மண்ணுக்குக் கீழே, கல்லிடுக்கில்,
உப்புத் தண்ணீரின் மேல்
நல்ல தண்ணீர் பாய் விரித்துக் கிடக்கிறது.
அளவாய் இறைத்தால் கிடக்கும்.
அவசரப்பட்டு இறைத்தால் கீழே கிடப்பது எழும்பி வரும்.
எனக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டே விலையைச் சொன்னேன்.
அந்த மாதம் கடை வாடகை பிந்தியிருந்தது.

மூன்றாம் வருசம் அவர் கிணறு உவர்த்தது.
மனிசன் என்னை ஒரு சொல் பேசவில்லை.
இப்போதும் என்னிடம்தான் வோஷர் வாங்குகிறார்,
மாரி பிந்திவிட்டது என்று கதைக்கிறார்.
திட்டியிருக்கலாம்.

மூன்று: விலை சொல்ல முன் கிணற்றைக் கேள்.
இதனால் போன வியாபாரம் கொஞ்சமல்ல.
ஸ்ரான்லி வீதியில் மூன்று மாடி எழுப்பியவர்
கிணற்றைக் கேட்பதில்லை.
அவருடைய கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது.
பொறாமை இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்;
இருக்கிறது.
அதையும் இருப்பில் சேர்க்கிறேன்.

நாலும் ஐந்தும் ஒழுக்கில் நனைந்து
மை ஊறிப் போயிற்று.
ஞாயிறு என்ற சொல் மட்டும் தெரிகிறது.
ஞாயிறு பூட்டு என்றிருக்கலாம்.
ஞாயிறும் திற என்றிருக்கலாம்.
அந்த வயதில் நான் இரண்டையும் எழுதக்கூடியவள்.

வெற்றி என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன்.
பக்கத்தில் எங்கும் இல்லை.
மறந்தேனா, எழுதக் கூசினேனா தெரியாது.

நேற்று ஏழாலையில் ஒரு மோட்டர் பூட்டினேன்.
சுவிச்சைப் போட்டதும் குழாய் முதலில் இருமும்,
காற்றைத் துப்பும், கலங்கலைத் துப்பும்.
தெளியும்வரை கூலிக்குக் கை நீட்டுவதில்லை,
இது எங்கும் எழுதி வைக்காதது.
ஒரு கை ஏந்தி வாயில் விட்டேன்.
வீட்டுக்காரப் பெடியன் கேட்டான்,
"என்னக்கா, இனிக்குதோ?"

நிச்சயமாய்ச் சொல்ல வேண்டும் என்பதற்காக
இன்னொரு கை ஏந்தினேன்.