தேரி மண், ஐந்து கிலோ

வடக்கன்குளத்தில் ராத்திரி பதினொன்று என்றால்
டென்மார்க்கில் சாயங்காலம்.
பேராசிரியர்கள் வீட்டுக்குப் போனபின் ஒருமுறை
அஞ்சல் திறப்பார்கள் என்று எனக்கொரு கணக்கு.
ஆன்றோ தூங்கியதும் பொத்தானை அமுக்குவேன்.
இது நாற்பத்தோராவது.

காற்றாலை இறக்கையின் முன்விளிம்பை
மணல் எப்படித் தின்கிறது என்பது என் ஆய்வு.
ஆடி மாதம் பணகுடிக்குத் தெற்கே போய் நின்றால்
கன்னத்திலேயே தெரிந்துவிடும்.
எனக்கு ஆறு வருடமும்
இருநூற்றுப் பதினாலு பக்கமும் ஆயிற்று.

படிவத்தில் முதல் கட்டமே குடும்பப் பெயர்.
நமக்கேது அது, ஓர் எழுத்துதானே.
அப்பா பெயரை நிரப்பினேன்.
அதனால் மறுப்புகளெல்லாம்
மதிப்பிற்குரிய முனைவர் லூர்துசாமிக்கு வருகின்றன.
எட்டாம் வகுப்போடு நின்றவர்,
முப்பத்தேழாம் எண் காத்தாடிக்குக் காவல் இருப்பவர்.
ஒன்றை வாசித்துக் காட்டினேன்.
"என்னைய வேண்டாங்கானா?
நான் எப்ப கேட்டேன்?"

பட்டம் பெற்று நான்கு ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது.
பெற்ற நாள் எது?
வாய்மொழித் தேர்வு முடிந்து
துறைக்கே வடையும் காப்பியும் வாங்கிக்கொடுத்த நாளா,
பதினாலு மாதம் கழித்து அபிஷேகப்பட்டியில்
வாடகை அங்கிக்குள் வேர்த்து நின்ற நாளா?
அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
தாய்மார்கள் பிள்ளை ஒன்றுக்குப்
பதினெட்டு மாதம் கூட்டிக்கொள்ளலாம்.
வள்ளியூர்க் கல்லூரி நேர்காணலில்
குழந்தை உண்டா என்று கேட்டு
உண்டு என்றதும் பேனாவை மூடிய ஒரு கை
நினைவுக்கு வந்தது.
மூன்று தடவை படித்தேன் அந்தக் குறிப்பை.
காலை என் மடியில் போட்டுத் தூங்கிய ஆன்றோ
சரியாகப் பதினெட்டு மாதம் கனத்தான்.

மறுநாளே பதில்.
இந்த ஆண்டு நிதி இல்லை.
ஆனால்
உங்கள் ஐந்தாம் அத்தியாயத்துச் சிவப்பு மணல்,
அதில் கலந்த கருப்புப் பரல்,
இங்கே யாரிடமும் இல்லை.
ஐந்து கிலோ அனுப்ப முடியுமா?
செலவு எங்களுடையது.

ததேயு பைக்கை எடுத்தான்.
நவலடிப் பக்கம், பனைக்கு அடியில்,
சோற்றுக் கரண்டியால் அள்ளினேன்.
மாடியில் காயவைத்து
சுளகில் வேர் பொறுக்கி
இரண்டு உறை போட்டுக் கட்டினேன்.

"உள்ள என்ன?"
"மண்."
தபால்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சண்டைன்னா தெருவுல நின்னு மண்ணள்ளித் தூத்துவாவ.
நீங்க தபால்லயா அனுப்புதீய?"
மதிப்பு என்ற கட்டத்தில்
பூஜ்யத்தைக் கணினி ஏற்கவில்லை.
"எதாச்சும் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்கி."
நூறு என்றேன்.
"டாலரா ரூவாயா?"
ரூபாய்தான்.

சென்னையில் ஒரு வாரம் கிடந்தது.
கோபன்ஹேகன் சுங்கத்தில் ஒன்பது நாள்.
நான் போகாத வழியையெல்லாம்
ராத்திரி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வள்ளியூர்க்காரர்கள் இன்னும் கூப்பிடவில்லை.

நேற்று வந்தது கடிதம்.
மண் கிடைத்தது, நன்றி.
ஆனால் எடை நாலு கிலோ தொள்ளாயிரத்து எண்பது.
ஆய்வகப் பதிவுக்காகக் கேட்கிறோம்,
இருபது கிராம் வித்தியாசம் ஏன்?

கட்டிலுக்கு அடியில்
ஆன்றோவின் பிளாஸ்டிக் லாரி,
பின்பக்கம் நிறையச் சிவப்பாக.

அதை எழுதவில்லை.
மீதியை நேரில் கொண்டுவருகிறேன் என்று எழுதினேன்.