சுமக்காத இரும்பு

க்விரிலா என்றால் அலறுகிறவள் என்று அர்த்தமாம்.
மாங்கனீஸ் கழுவிய கறுப்புத் தண்ணீர்
இன்று அவ்வளவாகச் சத்தமில்லை.
பதினேழாம் எண் பாலத்தின் அடியில்
கயிற்றில் உட்கார்ந்தபடி சீசானா
சாம்பல் பெயின்ட்டைச் சுரண்டுகிறாள்.
அதன் கீழே பச்சை, அதன் கீழே சிவப்பு,
மூன்று அரசாங்கங்கள் கடந்து
இரும்பு.

அசிட்டோனில் நனைத்த பஞ்சு கறுத்து வருகிறது.
இன்னொரு பஞ்சு. இன்னொன்று.
பஞ்சு வெள்ளையாகவே திரும்பும் வரை
இரும்பை நம்பக் கூடாது.

பிறகு ஒரு சொட்டுப் பசை,
நகத்தைவிடச் சின்னத் திரிபுமானி,
அதன்மேல் கட்டைவிரல்.
ஒரு நிமிடம் அசையாமல் அழுத்து
என்கிறது பசைக் குப்பி.
இந்தக் குளிருக்கு மூன்று
என்கிறது விரல்.

தகைவை எவரும் கண்ணால் கண்டதில்லை.
கருவி சொல்வதெல்லாம் திரிபைத்தான்:
ஒரு மீட்டர் இரும்பு
இரண்டு தலைமயிர்ப் பருமன் நீண்டது என்று.
மிச்சம் பெருக்கல் கணக்கு.
ஐயந்திரிபற என்று நாம் சொல்லிப் பழகிய சொல்
இந்த ஆற்றின்மேல் செல்லாது.
திரிபு அற்றுப்போனால் இவளுக்கு வேலையில்லை.
ஐயம் அற்றுப்போனால்
பாலத்துக்கு ஆபத்து.

பக்கத்தில் கம்பியில் ஆடுகிறது
இதே பாலத்தில் அறுத்தெடுத்த ஒரு துண்டு.
அதிலும் ஒரு மானி.
"இது எதைத் தாங்குது?"
கேட்டவர் நுக்சார், தண்டவாளக் காவலாளி.
போன வசந்தத்தில் வேலையை விட்டு நிறுத்தினார்கள்.
ஆரஞ்சுச் சட்டையை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

"எதையும் இல்லை. குளிருது, அவ்வளவுதான்.
பாலத்தின் கணக்கிலிருந்து இதன் குளிரைக் கழிச்சா
மிஞ்சுறது ரயிலோட எடை."

"அப்போ இது என் தம்பி,"
என்று நுக்சார் துண்டைத் தட்டிக்கொடுத்தார்.
திரையில் எண் துள்ளியது.
"தொடாதீங்க!"

ஒன்பது இருபதுக்குத் தாது வண்டி.
இருநூற்றுப் பதினான்கு வரை ஏறிய எண்
இறங்கி
ஒன்பதில் நின்றுவிட்டது.
அடுத்த வண்டிக்குப் பின் பதினேழில்.
மூன்றாவதற்குப் பின் இருபத்தாறில்.
வயரைப் பார்த்தாள். பசையைப் பார்த்தாள்.
வெயிலைப் பழிக்கலாம் என்றால் வெயிலே இல்லை.
தம்பி மட்டும் சாதுவாகப் பூஜ்ஜியத்தில்.

அந்தப் பூஜ்ஜியமும் அவள் வைத்ததுதான்.
பசை காய்ந்த நொடியில் பாலம் பிறந்தது
என்று நினைக்கிறது கருவி.
அதற்கு முன் எழுபது வருடம் தாங்கியதைக் கேட்க
இரும்பில் துளை போட வேண்டும்,
போட்ட துளை எவ்வளவு தளர்கிறது என்று பார்க்க வேண்டும்.
அதற்கான அனுமதி திபிலீசியில்
யாருடைய மேசையிலோ.

அலுவலகத்துக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.
பசை படிந்த கட்டைவிரலை
போனுக்கு அடையாளம் தெரியவில்லை.
மூன்று தடவை வைத்தாள்.
மூன்று தடவையும் நீ யார் என்றது.
அதற்குள் வளைவில் நாலு மணி வண்டியின் ஊதல்.

நுக்சார் சட்டைக்குள் கைவிட்டு
ஒரு மஞ்சள் கொடியை எடுத்தார்.
ஒப்படைக்க மறந்துவிட்டாராம்.
சிவப்புக் காட்ட அவருக்கு அதிகாரமில்லை.
மஞ்சளுக்கும் இல்லைதான்.

வண்டி நடைவேகத்தில் பாலம் ஏறியது.
ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி
நுக்சாரின் தாயைப் பற்றி ஏதோ சொன்னார்.
பெட்டி பெட்டியாய்த் தாது, பெட்டி பெட்டியாய்த் தாமதம்.

சீசானா எண்ணைப் பார்க்கவில்லை.
தென்கரைத் தூணின் தலையைப் பார்த்தாள்:
பாலம் நீளும்போது கூடவே உருள வேண்டிய உருளை,
கறுப்புச் சேறு இறுகி,
கடைசிப் பெட்டி போகும் வரை
ஒரு மயிரிழை அசையவில்லை.

"எத்தனை?" என்றார் நுக்சார், கொடியைச் சுருட்டியபடி.
"முப்பத்தொண்ணு."
"நல்லதா?"

அவள் பதில் சொல்லவில்லை.
கயிற்றைத் தளர்த்திக் கரையில் இறங்கி
"மண்வெட்டி கிடைக்குமா?" என்றாள்.

"அதையும்," என்றார்,
"ஒப்படைக்க மறந்துட்டேன்."