சிவப்புக்கு எத்தனை மார்க்

ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி
மருந்துப் புட்டியின் மூடியை நீட்டினார் டாக்டர் ஹர்யு.
"இடது கண்ணில் இதன் சிவப்பு நூறு என்றால்
வலது கண்ணில் எத்தனை?"

நாற்பது என்றேன்.
சந்தையில் முதலில் கேட்கும் விலைபோல
கொஞ்சம் குறைத்தே சொன்னேன்.
அவர் எழுதிக்கொண்டார்.
பேரமே இல்லை.

யோயென்சூவிலிருந்து பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம்
ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன்.
இடதில் சிவப்பாக வந்த பலகை
வலதில் பலமுறை துவைத்த துணியாக வந்தது.
விழியைத் திருப்பும்போதெல்லாம்
பின்னாலிருந்து யாரோ நூலைச் சுண்டினார்கள்.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.
மாற்றாந்தாய் தேவைப்படவில்லை,
என் உடம்பே வைத்துவிட்டது.

என் வேலை லிங்கன்பெர்ரி வாங்குவது.
செப்டம்பரில் காட்டிலிருந்து வாளிகள் வரும்.
பழம் எது, காய் எது என்று பார்த்து
கிலோவுக்கு விலை சொல்ல வேண்டும்.
இருபத்திரண்டு வருஷமாக
சிவப்பை நம்பித்தான் சாப்பிட்டேன்.

மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்.
தைஸ்தோ அந்தப் பெயரை ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை.
"ஒயரை எலி கடித்திருக்கிறது" என்பான்.
எலக்ட்ரீஷியன்.
தன்னால் கழற்ற முடியாத ஒயர் ஒன்று வீட்டுக்குள் இருப்பது
அவனுக்குத் தூக்கம் வராத விஷயம்.

அக்டோபரில் அவனே இரண்டானான்.
ஒருவன் தரையில் நின்றான்.
இன்னொருவன் அவன் தோளிலிருந்து சாய்வாக முளைத்திருந்தான்.
காபியை மேலே இருந்தவனிடம் நீட்டினேன்.
"ரெண்டு பேரில் யார் அழகு?"
சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தார்கள் இருவரும்.
விரலை அறுத்துக்கொண்டது ஒருவன்தான்.

மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம்
காகித டேப் ஒட்டிக்கொண்டேன்.
உலகம் ஒன்றானது.
தட்டையாகவும் ஆனது.
படி எங்கே இறங்குகிறது என்று
காலைக் கேட்க வேண்டியிருந்தது.
காலும் பதில் சொல்லாத நாட்கள் உண்டு.

ஜனவரியில் இரட்டை விடைபெற்றது.
அந்தச் சனிக்கிழமையே சௌனாவுக்குப் போனேன்.
கல்மேல் ஹில்க்கா தண்ணீர் ஊற்றிய மூச்சில்
முதலில் ஜன்னல் போனது.
பிறகு ஹில்க்கா.
பிறகு என் விரல்கள்.
உடம்பு சூடேறினால் பார்வை மங்கும்,
ஆறினால் திரும்பும் என்று
ஆஸ்பத்திரிக் காகிதத்தில் போட்டிருந்தது.
பயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சுவரைத் தடவி வெளியே வந்து
ஏரியின் பனியில் வெட்டிய குழிக்குள்
கழுத்துவரை இறங்கினேன்.
துண்டைச் சுற்றிக்கொண்டு பலகையில் நின்றேன்.
ஏணியின் துருப்பிடித்த ஆணி வந்தது.
நேரம் கழித்து ஏணி வந்தது.
அப்புறம் என் செருப்பு,
ஒரு ஜோடி.
ஒரே ஒரு ஜோடி.

இப்போதெல்லாம் கீழ்ப்பலகையில் உட்காருகிறேன்,
குழந்தைகள் உட்காரும் இடம்.
மேலிருந்து ஹில்க்கா கேட்பாள்: "போச்சா?"
"பாதி."
"உள்ளே பார்க்க என்ன இருக்கு, எங்க தொந்திதானே."

அடுத்த செப்டம்பரில் ஐமோ
வெளுத்த காய்களை அடியில் போட்ட வாளியை
என் வலப்பக்கமாக நகர்த்தி வைத்தான்.
என் எந்தக் கண் மலிவு என்று
ஊருக்கே தெரிந்திருக்கிறது.
தட்டில் கொட்டச் சொன்னேன்.
காய் உருளும்போது கூழாங்கல்போல் பேசும்.
பழம் விழுந்த இடத்தில் சாய்ந்துவிடும்.
மூன்றில் ஒரு பங்கு காய் என்றேன்,
அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
குறைத்து எழுதினேன்.

நவம்பரில் மறுபடி அதே மூடி.
எத்தனை?
அறுபத்தைந்து என்றேன்.
ஐம்பதாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம்.
நூறு எப்படியிருக்கும் என்பதையே
இடது கண் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.
அவள் எப்போதுமே
கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.