நானூற்று ஒன்று

சுங்கை கெலாடியில் என் அச்சகம்
ஆ கியோங்கின் டயர் கடைக்கும்
மூடிக் கிடக்கும் பேங்குக்கும் நடுவில்.
கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை,
தீமிதி நோட்டீஸ்,
பிறகு ரசீதுப் புத்தகம்.
வெள்ளைத் தாள் கொடுப்பவருக்கு,
மஞ்சள் கணக்குக்கு,
ரோஸ் கலர் யாருக்கென்று
நான் கேட்டதே இல்லை.

எண் போடும் பொறி கையால் அமுக்குவது.
அமுக்க அமுக்க முன்னால்தான் போகும்.
பின்னுக்குத் திருப்புவதென்றால்
குண்டூசியால் பல்சக்கரத்தை நெம்ப வேண்டும்.

பச்சையப்பன் வந்தார்.
சிறுநீரக நோயாளர் நல நிதியின் பொருளாளர்.
தாமான் மாவாரில் எந்தச் சாவுக்கும்
முதல் ஆளாய் வந்து நாற்காலி அடுக்குபவர்.
"நானூத்தி ஒன்னுலேருந்து நானூத்தி அம்பது வரைக்கும்
இன்னொரு தடவ அடிச்சிரு தம்பி.
பழசு மழையில நனைஞ்சிருச்சு."
வாசலில் நின்று திரும்பி,
"அடியில ஒன் கட பேரு வேணாம்."

மழை பெய்து அன்றோடு பதினேழு நாள்.
செம்பனை லோரிகள் கிளப்பிய செம்மண்
என் கண்ணாடிக் கதவில்
பெயர் எழுதலாம் போல் படிந்திருந்தது.
நான் குண்டூசியைத் தேடினேன்.

அறுபது வெள்ளி. கைக்காசு.

சம்பள நாளில் தோட்டத்து ஆபீஸ் முன்னால்
மேசை போட்டார்கள்.
பழம் பொறுக்கும் பேச்சாயி பத்து வெள்ளி கொடுத்து
ரசீதை நாலாய் மடித்து
சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள்.
கார்டு பாக் மான் ஐந்து வெள்ளி போட்டார்,
தன் அண்ணனுக்கும் அதே மிஷின்தான் என்றார்.
ஆ கியோங் நூறு கொடுத்து
ரசீது வேண்டாமென்றான்.
அது இன்னும் வசதி.

கிள்ளானுக்கு வாரம் மூன்று நாள் வேன் என்றார்கள்.
ஆறு மாதம் ஓடியது.
பிறகு வேன் பழுது.
பிறகு டிரைவர் இல்லை.
பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
பச்சையப்பன் மகள் கல்யாணத்தில்
ரிப்பன் கட்டி நின்றது அதே வேன்.
பின் கண்ணாடியில் நிதியின் பெயரை
ரோஜா மாலை மூடியிருந்தது.
அந்தப் பத்திரிகையும் என் வேலைதான்,
தங்க எழுத்து, எழுநூறு பிரதி.

ரூபாவதி அந்த மாதம்
இரண்டு முறை மிஷினுக்குப் போகவில்லை.
மூன்றாம் முறை போகத் தேவைப்படவில்லை.
அவள் வீட்டிலும் முதலில் வந்து
நாற்காலி அடுக்கியது அவர்தான்.

தீபாவளிக்குச் சாமி படத்தைத் துடைத்தபோது
பேச்சாயியின் ரசீது கீழே விழுந்தது. 0417.
எதிர்வீட்டு நாகூரம்மா குனிந்து பார்த்து,
தன் வீட்டுக்குப் போய்த் தன்னுடையதை எடுத்து வந்தாள்.
"ரெண்டும் ஒரே நம்பரா இருக்கேடி."

போலீஸ் ரிப்போர்ட் ஒன்று,
கமிட்டிக் கூட்டம் மூன்று,
வடை நிறைய.
தீர்ப்பை ஊரே எழுதிக்கொண்டது:
பாசார் மாலாமில் உண்டியல் குலுங்கினால்
எல்லாருக்கும் கைப்பேசியில் ஏதோ அவசரம்.

நேற்று விமலேஸ்வரி வந்தாள்.
மகனுக்கு நெஞ்சில் ஓட்டை.
நாவல்பழம் தின்ற மாதிரி உதட்டோடு
என் ஸ்டூலில் ஏறி அவன் காலாட்டினான்.
"ஒரே ஒரு புத்தகம் போதும்ணே.
ஒன்னுலேருந்து போடுங்க.
அடியில ஒங்க கட பேரும் போன் நம்பரும்
பெருசா இருக்கட்டும்.
ஒங்க பேரப் பாத்தாதான் நம்புவாங்க."

பொறியை ஒன்றுக்குக் கொண்டுவரவும்
அதே குண்டூசிதான்.
நெம்பினேன். கை வழுக்கியது.
பையன் கேட்டான், அமுக்கிப் பார்க்கவா என்று.
கொடுத்தேன்.
கழிவுத் தாளில் 0001.
அவனுக்குச் சிரிப்பு.
0002. 0003.

"அங்கிள், இது பின்னால போகாதா?"

"போகும்" என்றேன்.

விமலேஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.