ஏழாவது கொட்டில்

ஏழாம் கிழமை ஆறு குட்டிகளையும்
சீமெந்துத் தரையில் இறக்கிவிட்டுத்
திறப்புக் கோர்வையைத் தூக்கி எறிந்தேன்.
நாலு பதுங்கின. ஒன்று இருந்த இடத்திலேயே மூத்திரம் போனது.
ஒன்று மட்டும் சத்தம் வந்த பக்கம் ஓடித்
திறப்பை மணந்துவிட்டு என்னைப் பார்த்தது,
இவ்வளவுதானா என்பதுபோல.
கண்ணோரம் கறுப்பு, மீதி செம்மண்.
குன்றி என்று பெயர் வைத்தேன், பொன் நிறுக்கிற மணி.
மற்றதுகளுக்கு வீடு தேடினோம்.

தாய் ஒல்லாந்தில் பிறந்தவள்.
பன்குளத்து மத்தியான வெயிலில்
பத்து நிமிசத்துக்கு மேல் நாக்கை உள்ளே இழுக்க மாட்டாள்.
தகப்பன் நிலாவெளிச் சந்தியில்
மீன்தலைக்குச் சண்டை பிடித்துத் திரிந்தவன்.
கிண்ணியாவிலிருந்து டொக்டர் பஸீனா வந்து
இரத்தம் எடுத்து, இடுப்பெலும்பைப் படம் பிடித்து,
"மாப்பிள்ளை பழுதில்லை" என்றார்.
மூக்கு அவளுடையதாய் வரவேணும், தோல் இவனுடையதாய்.
மாறி வந்தால் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கவேணும்.

ஆறு தகரப் பேணி.
ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை வெடிமருந்து.
தொடக்கூடாது, குரைக்கக்கூடாது.
கண்டால் உட்காரவேணும்,
உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் அதையே பார்க்கவேணும்.
உட்கார்ந்தவுடன் பந்து.
ஒரு மூச்சுப் பிந்தினாலும்
எதற்குக் கிடைத்ததென்று அதற்கு விளங்காது.
பந்தோடு குரலும் வேணும்:
பிள்ளை பிறந்த வீட்டுக் குரல்.

முந்தி நான் கண்ணிவெடி எடுத்தவள்.
முழங்காலில் நின்று, முகமூடிக்குள் வேர்த்து,
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
மனிசருக்கென்று புதைத்ததை எடுத்தேன்.
இப்போது வத்தகப்பழத்துக்குள் வைப்பதைத் தேடுகிறேன்.
வாய்வெடி.
கடித்த யானை உடனே சாகாது.
தாடை தொங்கப் பதினொரு நாள்
குளக்கட்டில் நின்ற ஒன்று
தண்ணீரை மொண்டு மொண்டு வாய்க்குக் கொண்டுபோய்
திரும்பக் குளத்திலேயே விட்டதைப் பார்த்திருக்கிறேன்.
குன்றி பார்க்கவில்லை.
அதற்கு யானை தெரியாது, சட்டம் தெரியாது.
பந்து தெரியும்.

தை மாதம், சோளன் முற்றிய கிழமை.
திணைக்களத்து ரணவீர மாத்தையா கொண்டுவந்த பட்டியலில்
திரியாய்ப் பக்கம் ஒன்பது கொட்டில்.
ஏழாவது என் தம்பி தவநீதனுடையது.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
போன மாரியில் வெள்ளாப்போடு வாய்க்காலுக்குப் போன
அவன் மாமனார் யானை அடித்துச் செத்தார்.
எட்டுச் செலவுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

தம்பி தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியில் நின்றான்,
நாயைப் பார்த்துக்கொண்டு.
குன்றி உரமூடைகளைத் தாண்டியது.
மண்ணெண்ணெய்ப் பீப்பாவைத் தாண்டியது.
நீரிறைக்கிற மெசினடியில் வால் மெதுவானது.
நான் கடவுளைக் கூப்பிட்டேன்,
எந்தப் பக்கத்துக்கு என்று சொல்ல மாட்டேன்.

உட்கார்ந்தது.

ஒரு மூச்சு.
அக்காவாய் இருக்க அது போதாது.
கை பந்தை எறிந்தது. குரல் தானாய் வந்தது:
"என்ர தங்கமே! என்ர ராசாத்தி!"
அந்தக் கொட்டிலுக்குள் கலியாண வீடுபோலக் குதித்தேன்.

ரணவீர சாக்கை விலக்கினார்.
மூன்று பழம், காம்போரம் சதுரமாய் வெட்டி
மெழுகால் அடைத்தது.

தம்பி கோப்பையை வேலிக்கட்டையில் வைத்தான்.
"எட்டு ஏக்கர், அக்கா" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

குன்றி பந்தைக் கொண்டுவந்து
அவன் காலடியில் போட்டுவிட்டு நின்றது.
எச்சில் வழிந்த அதைக் குனிந்து எடுத்தான்.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.
பிறகு சோளன் முறிந்து கிடந்த பக்கமாய்
எறிந்தான், நல்ல தூரத்துக்கு.