பென்சில் கணக்கு

அங்கீகாரக் குழு வரப்போகிறது.
மூன்று வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்கள்
இப்போது எங்கே என்று கேட்டு எழுதச் சொன்னார்கள்.
அறுபத்திரண்டு பேர்.
பெயர், நிறுவனம், ஊர்; படிவம் கேட்டது அவ்வளவுதான்.
நானாக ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து
‘தூரம்’ என்று தலைப்பு வைத்தேன்:
கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து எத்தனை கிலோமீட்டர்.

மாதேஸ், ஓசூர், ஐம்பத்திரண்டு.
நாகவேணி, ஓசூர். அஸ்கர், ஓசூர்.
திம்மராஜ் எலெக்ட்ரானிக் சிட்டி.
‘அத்திப்பள்ளி தாண்டினா வேற மாநிலம் சார்,
ஆனா பேச்சு எங்க வீட்டுப் பேச்சுதான்.’
சென்னைக்குப் போனவர்கள் ஏழே பேர்.
சொந்தத் தலைநகர் தூரம், அடுத்தவர் தலைநகர் பக்கம்,
எங்கள் ஊர்க் கணக்கு அப்படி.

பென்சில் மழுங்கிய பிறகுதான் கவனித்தேன்
ஒருவரும் கிலோமீட்டரில் சொல்லவில்லை.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
நின்றுகொண்டே வந்துவிடலாம் என்றான் ஒருவன்.
மாங்காய் இறக்கும் வாரம் லீவு போட்டால் போதும் என்றான்
சந்தூர்ப் பையன்.
‘அப்பாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ்’ என்றாள் ஒருத்தி.
நிறுவனத்தின் பெயரை நான் கேட்கவில்லை.
சைபர் போட்டேன்.

கடைசியில் கோகிலவாணி.
வீடு போலுப்பள்ளி, கல்லூரிக்கு நடந்தே வந்தவள்.
ஒரே கம்பெனி, ஒரே சம்பளம்,
ஓசூரா, இமாச்சலத்து நாலாகட்டா என்று கேட்டபோது
நாலாகட் என்று எழுதிக் கொடுத்தவள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு.

‘ஓசூர்னா ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க,
சனி ராத்திரியே பஸ் ஏறுன்னுவாங்க சார்.
இங்கிருந்து நான் டிக்கெட் போடறதுக்குள்ள
அந்தப் பையனுக்கு வேற எடத்துல நிச்சயமாயிடுது.
இதுவரைக்கும் நாலு பேர்.’
சிரித்தாள். நானும்.
பின்னால் ஏதோ இயந்திரம் நின்று, மறுபடி ஓடியது.
‘அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் அன்னிக்கு மட்டும்
எல்லாக் கிலோமீட்டரும் தெரிஞ்சுது சார்.’

கூட்டி வகுத்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து மேசைச் சக்கரபாணி, புள்ளியியல் எடுப்பவர்,
எட்டிப் பார்த்தார்.
‘அந்தப் பொண்ணை எடுத்துடுங்க.
ஒரே ஆள், மொத்தக் கணக்கையும் கெடுக்குது.’

அவளை விட்டால் சராசரி எண்பத்தொன்று.
சேர்த்தால் நூற்றிருபது.

முப்பத்தொன்பது.
ஆளுக்கு முப்பத்தொன்பது தள்ளி வைத்திருக்கிறாள்:
மாதேஸை, அஸ்கரை, சந்தூர்ப் பையனை,
டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவளை.
உட்கார்ந்த இடத்திலிருந்தே
சூளகிரி தாண்டிவிட்டது அந்த நாற்காலி.

எடுக்கவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டு
நூற்றிருபதின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.